ஆற்றில் இறங்கிய ஆய்வு: எண்ணூரில் மீனவரும் ஆய்வாளரும்

விழா மலரில் நிறுவன வரலாறு எழுதுவது என்றால் அடிக்கல் நாட்டிய நாள், முதல் தலைவர், கட்டடத் திறப்பு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது வழக்கம். வடசென்னைக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள நிறையவே உண்டு. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம், 1948-இல் தொடங்கி எண்ணூரை லாரிகளின் ஊராக்கிய அசோக் மோட்டார்ஸ், திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைத் தயாரித்த என்ஃபீல்டு ஆலை, 1960-களின் இறுதியில் மணலியில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 2001-இல் கப்பல்களை வரவேற்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் என்று பட்டியல் நீளும். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட நிறுவனத்துக்கு அடிக்கல் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. எண்ணூர்க் கழிமுகத்தில் தொழில் செய்யும் மீனவர்களும், அவர்களோடு தண்ணீரில் இறங்க மனம் கொண்ட ஆய்வாளர்களும் சேர்ந்து பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சேகரித்துவரும் அறிவையே நான் நிறுவனம் என்று சொல்கிறேன். அந்த அறிவு தீர்ப்பாயத்தில் நின்று வென்றிருக்கிறது. விஞ்ஞானிகள் கவனிக்கும் முன்பே ஓர் அந்நிய உயிரினத்தை அடையாளம் காட்டியிருக்கிறது. அதற்கு ஒரு வரலாறு எழுதப்பட வேண்டும்.

முதலில் ஆற்றைச் சொல்ல வேண்டும். சென்னை மாநகரின் மூன்று ஆறுகளில் கொசஸ்தலைதான் பெரியது. 136 கிலோமீட்டர் ஓடி, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, மணலியைச் சுற்றிக்கொண்டு எண்ணூரில் கடலில் சேர்கிறது. வெள்ளக் காலத்தில் விநாடிக்கு 1.25 லட்சம் கன அடி வரை சுமக்கக்கூடியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடையாறும் கூவமும் சேர்ந்தாலும் அந்த அளவை எட்ட முடியாது. முகத்துவாரத்துக்கு வடக்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் பழவேற்காட்டு ஏரி வரை நீள்கின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஆகிய ஊர்களில் ஆற்றையும் கடலையும் நம்பித் தொழில் நடக்கிறது. மேற்கே உள்ள இருளர் குடியிருப்புகளுக்கும் இந்த ஆறுதான் சோறு.

கழிமுகத்தின் அடித்தரையைக் காலால் அறிந்தவர்கள் இவர்கள். எங்கே சேறு, எங்கே மணல், எங்கே கிளிஞ்சல், எந்த மூலையில் நீர் ஏறும்போது இறால் ஒதுங்கும், எந்த ஆழத்தில் நண்டு தங்கும், மழைத் தண்ணீர் வந்து உப்பு குறைந்தால் எந்த மீன் முதலில் இடம் மாறும் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடக் கணக்கு. இருளர் பெண்கள் வலையில்லாமலே தொழில் செய்கிறார்கள். இடுப்பளவு நீரில் அமர்ந்து நகர்ந்து, சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பனையோலைப் பறியில் போடுகிறார்கள். எந்த ஆய்வகக் கருவியும் இந்த அளவு நெருக்கமாக, இத்தனை நாள் தொடர்ந்து, இந்த ஆற்றின் தரையைத் தொட்டதில்லை.

அரசும் விஞ்ஞானமும் இந்த அறிவைத் தேடி வந்தது புதிதல்ல. கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று நாம் அறிந்த பிரெடரிக் நிக்கல்சன்தான் 1907-இல் சென்னை மாகாண மீன்வளப் பணியகத்தையும் தொடங்கினார். அதற்கு முன் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள மீனவர்களின் தொழிலைப் பார்த்துவிட்டு வந்தார். பணியகத்தின் தொடக்க காலச் சோதனைகளில் சில எண்ணூரில் நடந்தன. அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் கரை நெடுக நடந்து வலைகளையும் தோணிகளையும் வரைந்து வைத்தார். இந்தியப் படகு வடிவங்கள் பற்றி அவர் எழுதி 1920-இல் வங்காள ஆசியவியல் கழகம் வெளியிட்ட ஆய்வில் நம் கட்டுமரத்துக்கு மரியாதையான இடம் உண்டு. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்து ஏற்பாட்டில் மீனவர் சொன்னார், அதிகாரி எழுதிக்கொண்டார், நூல் லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் போயிற்று. என்ன கேள்வி கேட்கலாம் என்பதை முடிவு செய்யும் இடத்தில் மீனவர் இருக்கவில்லை.

அப்படி இல்லாமல் போனதால் நேர்ந்ததை ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையுள்ள கரை சொல்லும். நம் கரையோரமாக ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் எழத் தொடங்கியபின் தெற்கே மணல் தங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கடல் கரையை அரித்தது. குப்பங்கள் பின்வாங்கின, தெருக்கள் போயின, கல் கொட்டித் தடுத்தார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் வந்தன. கடல் எந்தப் பருவத்தில் மணலை எடுக்கும், எந்தப் பருவத்தில் கொடுக்கும் என்பது வலை இழுக்கும் வீட்டுக்கெல்லாம் தெரிந்த செய்தி. அவர்களைக் கேட்காததற்கான விலையை நூறாண்டுக்கு மேலாக இந்தக் கரை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எண்ணூரில் கூட்டு வேலைக்கு வழிவகுத்தது சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1994-இல் வந்தது. வல்லூர் நிலையம் 2012-க்குப் பின் முழுவீச்சில் இயங்கியது. நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 40 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, ஆற்றின் குறுக்கே போட்ட குழாய்களில் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்குத் தள்ளினார்கள். குழாய்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்தன. ஒழுகிய சாம்பல் ஆற்றின் அடியில் படிந்தது. சாம்பல் நுண்ணிய தூள்; தரையில் படிந்து இறுகினால் இறால் புதைய இடமில்லை, மட்டி மூச்சுவிட வழியில்லை. வலை போடுகிறவர் கண்டது இதைத்தான்: படகு தட்டுகிறது, ஆறு மேடாகிவிட்டது, சேறு இருந்த இடத்தில் கால் வேறு மாதிரி படுகிறது.

மீனவர்கள் மனு கொடுத்தார்கள். பல ஆண்டுகள் கொடுத்தார்கள். மனுவில் "ஆறு மேடாகிவிட்டது" என்று எழுதினால், எத்தனை அடி என்று கேட்பார்கள். "மீன் இல்லை" என்று எழுதினால், எத்தனை டன் குறைந்தது, எந்த ஆய்வு சொல்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகள் கேட்கப்படுவதில் தவறில்லை. ஆனால் பதில் தேடும் பொறுப்பு முழுவதையும் பாதிக்கப்பட்டவர் தலையில் வைப்பது அநியாயம். ஆய்வாளர்களின் துணை தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு முன்னோடி இருந்தது. 2004-இல் கடலூர் சிப்காட் பகுதியில், ஆலைப் புகைக்கு நடுவே வாழ்ந்த ஊர்க்காரர்கள் தாங்களே காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 1990-களில் கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளின் அருகே குடியிருந்த மக்களுக்காக உருவான எளிய முறை அது. பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு சிறப்புப் பை இருக்கும். நாற்றம் அடிக்கும் அந்த நிமிடத்தில் வால்வைத் திறந்தால் காற்று பைக்குள் ஏறும். அது ஆய்வகத்துக்குப் போகும். அதுவரை "ஏதோ கெட்ட நாற்றம்" என்று இருந்த புகார், வேதிப்பொருள்களின் பெயர்ப்பட்டியலாக மாறியது. நாற்றம் எப்போது வரும், எந்தப் பக்கத்துக் காற்றில் வரும், எந்த ஆலையின் நாற்றம் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்கள் நாட்குறிப்பு வைத்திருந்ததால்தான் சரியான நேரத்தில் வாளி திறந்தது. அந்த நாட்குறிப்பு இல்லாமல் கருவிக்குப் பயனில்லை. சென்னைக் கடலோரத்தில் பின்னர் வேலை செய்தவர்கள் பலர் இந்தப் பாடத்தைக் கடலூரிலிருந்து கற்றுவந்தவர்கள்.

எண்ணூரில் அது வரைபட வேலையாகத் தொடங்கியது. சமூக ஆய்வாளர்களும் சூழல் எழுத்தாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்களும் மீனவர்களோடு படகில் போனார்கள். மீனவர் ஓரிடத்தில் படகை நிறுத்தி அந்த இடத்தின் பெயரைச் சொல்வார்; எந்த வலை, எந்த மாதம், யார் யார் தொழில் செய்வார்கள், இப்போது என்ன ஆயிற்று என்று சொல்வார். ஆய்வாளர் கையில் உள்ள கருவி அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளும். பழைய செயற்கைக்கோள் படத்தோடு அதை ஒப்பிட்டால், இன்று கட்டடமோ சாம்பல் திட்டோ உள்ள இடம் முன்பு யார் வலை போட்ட இடம் என்று தெரியும். தென் சென்னையின் ஊரூர்க் குப்பத்து மீனவ இளைஞர் ஒருவர் இந்த வரைபடக் கலையைக் கற்று, கடலோர ஊர்களின் படங்களைத் தாமே தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தார். இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம் என்று நான் கருதுவது இதுதான். வரைபடம் அதுவரை அதிகாரியின் கருவி. அதை மீனவர் கையில் எடுத்தபோது கேள்வி கேட்பவர் மாறிவிட்டார்.

கேள்வியும் கூர்மையானது. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி ஒவ்வொரு மாநிலமும் கடலோர மேலாண்மை வரைபடம் தயாரிக்க வேண்டும். தமிழ்நாட்டின் வரைபடத்துக்கு 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதில் எண்ணூர்க் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கர், ஆலை கட்டக் கூடாத பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பு. பின்னர் அலுவலகங்களில் புழங்கிய 1997-ஆம் ஆண்டு வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பைக் காணவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களை வைத்து, ஆற்றுக்காகப் போராடியவர்கள் 2017-இல் இதை வெளியே கொண்டுவந்தார்கள். ஆறு எங்கே இருக்கிறது என்று தாளில் தேட வேண்டிய நிலையில், அந்த ஆற்றில் தினமும் நீரேற்றம் பார்த்துத் தொழிலுக்குப் போகிற மனிதர்களின் சாட்சியம் சட்டத்தின் மொழிக்குள் வந்தது. நீர் ஏறி இறங்கும் எல்லைதான் சட்டத்துக்கும் எல்லை. அந்த எல்லையை மீனவரைவிட நன்றாகக் காட்டக்கூடியவர் இல்லை.

அதே ஆண்டு ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூரின் சாம்பல் மேட்டிலும் ஆற்றோரத்திலும் நின்று "சென்னை புறம்போக்கு பாடல்" பாடினார். கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசை அமைத்த பாடல். சபா மேடையின் ராகங்கள் சென்னைத் தமிழைச் சுமந்துகொண்டு சாம்பலுக்கு நடுவே வந்து நின்றன. எண்ணூரை ரயில் ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்திருந்த நகரத்தார் பலருக்கு, அங்கே ஓர் ஆறு இருப்பதே அந்தப் பாடலால்தான் தெரிந்தது. கலையும் ஓர் ஆய்வுக் கருவிதான் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அந்த மாத இறுதியிலேயே, ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளிய காட்சியை நாடே பார்த்தது.

சாம்பல் வழக்குக்கு வருவோம். காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் 2016-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடினார். தீர்ப்பாயம் நியமித்த நிபுணர் குழுவில் சென்னை ஐஐடியின் நீரியல் பேராசிரியர் பாலாஜி நரசிம்மன், கிறித்தவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த டி. நரசிம்மன், மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் ஆகிய மூவரும் இருந்தார்கள். ஒருவர் நீரைப் பார்ப்பவர், ஒருவர் செடியைப் பார்ப்பவர், ஒருவர் மண்ணைப் பார்ப்பவர். ஆற்றின் உடம்பைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான மூவர் அமைவது அரிது. எங்கே தோண்டினால் சாம்பல் வரும், எந்தக் குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பதெல்லாம் ஊர்க்காரர்கள் முன்பே படம் பிடித்தும் குறித்தும் வைத்திருந்தவை. மீனவர் காலால் உணர்ந்ததை ஆய்வகம் எண்ணாக்கியது. சாம்பலும் கன உலோகங்களும் பதிவாயின.

2022 ஜூலை 5 அன்று நீதிபதி கே. ராமகிருஷ்ணனும் நிபுணர் உறுப்பினர் சத்யகோபால் கொர்லபாட்டியும் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. சாம்பல் மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்றது; ஆற்றை மீட்டெடுக்க வழி செய்யச் சொன்னது. ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சாந்த ஷீலா நாயர் தலைமையிலான குழுவும் மீட்பு வழிகளை ஆராய்ந்தது. ஓர் ஆற்று மீனவரின் மனுவில் தொடங்கிய வழக்கு அது. தீர்ப்பு நாள் வடசென்னையின் வரலாற்று நாட்களில் ஒன்றாகக் கொண்டாடப்பட வேண்டியது. இந்த மலரிலாவது அது பதிவாகட்டும்.

இந்தக் கூட்டு அறிவின் வலிமையை எனக்கு முழுதாக உணர்த்தியது சாம்பல் வழக்குகூட அல்ல, ஒரு சிறு கறுப்புச் சிப்பி. சில ஆண்டுகளாக எண்ணூர் மீனவர்கள் ஆற்றில் புதிதாக ஒன்றைப் பார்த்தார்கள். கொத்துக் கொத்தாக, மிதியடி விரித்தாற்போல, ஆற்றின் தரையை மூடிக்கொண்டு வளர்ந்தது. கால் வைத்தால் கிழித்தது. அடியில் இருந்த மட்டி செத்தது. இறால் புதைய முடியாமல் இடம் விட்டுப் போயிற்று. நீரோட்டமும் தடைபட்டது. அதற்கு அவர்கள் காக்கா ஆழி என்று பெயர் வைத்தார்கள். தாத்தா காலத்தில் இது இல்லை, இது இந்த ஆற்றைச் சேர்ந்ததல்ல என்று உறுதியாகச் சொன்னார்கள்.

அந்த உறுதியை வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளாமல் எடுத்துக்கொண்டு போனவர்கள் விடை கண்டார்கள். தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்னும் இனம் அது. கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிஜு குமார் முதலானோர் 2019-இல் கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் இதே உயிரினம் பரவியதையும், அங்குள்ள மட்டித் தொழிலாளர்களுக்கு அதனால் வரக்கூடிய பாதிப்பையும் எழுதியிருந்தார்கள். கொல்லத்து மீனவரும் எண்ணூர் மீனவரும் ஒரே விருந்தாளியைத் தனித்தனியே பார்த்திருக்கிறார்கள்.

இது எப்படி வந்திருக்கும்? சரக்கு இல்லாமல் வரும் கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க, புறப்படும் துறைமுகத்தில் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதை வெளியேற்றும். அந்த நீரில் சிப்பிக் குஞ்சுகளும் பாசிகளும் பயணம் செய்யும். கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டும் வரலாம். வட அமெரிக்காவின் பேரேரிகளில் 1980-களின் இறுதியில் வரிக்குதிரைச் சிப்பி புகுந்து, குடிநீர்க் குழாய்களையே அடைத்தபோது உலகம் இந்த ஆபத்தைக் கண்டு விழித்தது. கப்பல்கள் இப்படிச் சுமந்துவரும் நிலைநீரைச் சுத்திகரித்து வெளியேற்ற வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2004-இல் உருவாகி 2017 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கடலியல் அறிஞர்கள் மாநாடுகளில் பேசும் செய்தி இது. எண்ணூரில் அதன் முதல் சாட்சி, கால் கிழிபட்டுக் கரையேறிய மீனவர். காக்கா ஆழி பழவேற்காடு நோக்கிப் பரவுகிறது என்று எச்சரித்ததும் அவர்களே. ஊர் முதலில் சொன்னபோதே கேட்கிற காதும் அளக்கிற கருவியும் பக்கத்தில் இருந்திருந்தால், கொத்து சிறிதாக இருக்கும்போதே அகற்றியிருக்கலாம். இந்த எண்ணம் என்னை விடுவதில்லை.

2023 டிசம்பர் அதையே இரண்டு முறை சொன்னது. மிக்ஜாம் புயலின் பெருமழையில், டிசம்பர் 4-ஐ ஒட்டி, மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு ஆற்றுக்குள் வந்தது. வலை, படகு, அலையாத்தி வேர், வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு. முதல் நாட்களில் மீனவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு அள்ளினார்கள். நீர் ஏறும்போது எண்ணெய் எங்கே ஒதுங்கும், இறங்கும்போது எங்கே தங்கும் என்று அவர்கள் சொன்ன இடங்களில்தான் அது ஒதுங்கியது, தங்கியது.

அந்தத் துயரம் ஆறுவதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டில் காற்றில் அம்மோனியா கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். இருக்க வேண்டிய வரம்பு 400. குழாய்க்கு அருகே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. ஊர் ஓடியபின் எடுத்த அளவுகள் இவை. ஓடிக்கொண்டிருந்தபோது குழந்தைகள் சுவாசித்த காற்றின் அளவு எந்த ஏட்டிலும் இல்லை. 33 கிராமங்களின் மக்கள், பெண்கள் முன்னே அமர, நாள் கணக்கில் போராடினார்கள். பந்தலில் பேசப்பட்டவற்றில் கண்காணிப்பும் எச்சரிக்கையும் இருந்தன. கருவி ஆலைக்குள் இருந்தால் போதாது, ஊருக்குள் வேண்டும் என்பது நியாயமான கேள்வி.

இந்தக் கூட்டில் குறைகள் இல்லையா? உண்டு, மலர்க் கட்டுரை என்பதற்காக அவற்றை விழுங்கிவிடக் கூடாது. ஆய்வுக்கு வருகிறவர் ஒரு பருவம் இருந்துவிட்டுப் பட்டத்தோடு போய்விடுகிறார். அவர் சேகரித்தது அவர் கணினியில் இருக்கிறது, ஊரில் ஒரு நகல் இல்லை. அறிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. யாருடைய ஆற்றைப் பற்றியதோ அவரால் படிக்க முடிவதில்லை. ஒரு நாள் ஆய்வாளரைப் படகில் அழைத்துப் போனால் மீனவருக்கு அன்றைய தொழில் போயிற்று. டீசல் செலவு மட்டும் கொடுத்தால் அது ஈடாகாது. கட்டுரையின் முடிவில் "ஊர் மக்களுக்கு நன்றி" என்று ஒரு வரி வருகிறது; இடத்தைக் காட்டியவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வருவதில்லை. நிபுணர் குழுக்களில் பேராசிரியருக்கு இருக்கை உண்டு. ஐம்பது வருடம் அந்த நீரில் நின்றவர் சாட்சி சொல்ல அழைக்கப்படுகிறார், உறுப்பினராக உட்கார வைக்கப்படுவதில்லை. இருளர் பெண்களின் நிலை இன்னும் மோசம். படகு இல்லாதவர், வலை இல்லாதவர், சங்கத்தில் பெயர் இல்லாதவர் எந்தக் கணக்கெடுப்பிலும் எளிதில் விடுபடுவார். சேற்றை மிக நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த விடுபடல் ஆய்வுக்கே இழப்பு.

ஜப்பானின் மினமாட்டாவிலிருந்து நாம் கற்க வேண்டியது இங்கே இருக்கிறது. ஆலைக் கழிவின் பாதரசம் மீனில் ஏறி, மீன் உண்டவரின் நரம்பைத் தாக்கிய ஊர் அது. நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவாகும் முன்பே, வீட்டுப் பூனைகள் வலிப்பு வந்து சாவதை மீனவக் குடும்பங்கள் கவனித்திருந்தன. ஹரடா மசசூமி என்ற மருத்துவர் இளமையிலேயே அந்த மீனவ வீடுகளுக்கு நடந்து போய் நோயாளிகளிடம் கற்றார். தாயின் கருவிலேயே குழந்தையை இந்த நோய் தாக்குகிறது என்று நிறுவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தாய்மார்கள் அவரிடம் வலியுறுத்திச் சொன்னதும் அதுவே. பிற்காலத்தில் குமமோட்டோ ககுயன் பல்கலைக்கழகத்தில் மினமாட்டாவையே ஒரு பாடத்துறையாக்கினார். மருத்துவம், சட்டம், பொருளியல் எல்லாம் அங்கே ஓர் ஊரைச் சுற்றிக் கூடின. நோயாளிகளும் மீனவர்களும் அங்கே பேச வந்தார்கள். அலை அடங்கியபின் அறிவு கலைந்து போகாமல் இருக்க ஓர் இடம் கிடைத்தது.

எண்ணூருக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். பெரிய கட்டடம் வேண்டியதில்லை. குப்பங்களுக்கு நடுவே, ஆற்றைப் பார்த்தபடி ஒரு நிலையம் போதும். அதன் நிர்வாகத்தில் ஊர்ப் பஞ்சாயத்தார், இருளர் குடியிருப்புகளின் பெண்கள், நகரக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் ஆகியோர் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். காற்றை அளக்கும் கருவி ஒன்றும், உப்பும் ஆழமும் பார்க்கும் எளிய கருவிகளும், கொண்டல் காற்று எப்போது திரும்பிற்று, கச்சான் காற்று எத்தனை நாள் அடித்தது, முகத்துவாரம் எந்த வாரம் அடைந்தது, புதிதாக எந்த உயிர் வலையில் ஏறியது என்று தினமும் எழுதும் தமிழ் நாட்குறிப்பும் அங்கே இருக்கட்டும். குப்பத்துப் பிள்ளைகள் அதை எழுதட்டும், அதற்குச் சம்பளம் பெறட்டும். வெளியிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர் முதலில் அந்த நிலையத்தில் தன் கேள்வியைச் சொல்லி, ஊரின் கேள்வியையும் கேட்டுக்கொண்டு, முடிவின் தமிழ் நகலை அங்கே வைத்துவிட்டுப் போகட்டும். துறைமுகமும் மின்நிலையமும் ஆலைகளும் இதற்குப் பணம் தருவது கருணையாகாது. இத்தனை ஆண்டுகள் இந்த ஆற்றைப் பயன்படுத்தியதற்கான கடனில் ஒரு சிறு தவணை அது.

அந்த நிலையத்தின் முதல் வேலை எது என்று கேட்டால் நான் இதைச் சொல்வேன். காக்கா ஆழி படர்ந்த தரையில் எந்தெந்த இடத்தில் பழைய சேறு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கைதடவி இறால் பிடிக்கும் பெண்களைக் கொண்டு ஆற்றின் தரைப்படம் ஒன்றை வரைய வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. சிப்பியை அகற்றும் வேலையும் சாம்பலை அள்ளும் வேலையும் அந்தப் படத்தைப் பார்த்துத் தொடங்கட்டும். ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவர்களுக்கு அன்றைய இறாலின் விலைக்குக் குறையாத கூலி வேண்டும். படத்தின் முகப்பில், வரைந்தவர்கள் என்ற இடத்தில், அவர்கள் பெயர் அச்சாக வேண்டும்.